காரும் நானும் ஒரே துணியில்

பம்பாய் மாதுங்காவில் எங்கள் உறவுக்காரர்களிலேயே முதன்முதலாகக் கார் வாங்கியவர் என் மாமாதான். வேலை போன மறு வாரம் வாங்கினார். அவரைப் பற்றி இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று அப்பா சொல்வார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. இன்டர்மீடியட் படித்துவிட்டுப் பாலக்காட்டிலிருந்து வந்து, யுத்த காலத்தில் மிலிட்டரி ஸ்டோர் ஒன்றில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தார். யுத்தம் முடிந்ததில் உலகமே சந்தோஷப்பட்டது. மாமாவுக்குச் சீட்டுக் கிழிந்தது. கடைசியாகக் கைக்கு வந்த பணத்தை அப்படியே கொண்டுபோய், ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் கொடுத்து, இரண்டே பேர் உட்காரும் பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் மாமரத்தடியில் அதை நிறுத்தினார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அப்பா மட்டும் பால்கனியிலிருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

“ரெண்டு ரூம்ல ஆறு பேர் இருக்கோம். ரெண்டு பேர் உக்கார்ற காரை வெச்சுண்டு என்ன பண்ணப் போறான்? ஆடி பொறக்கறதுக்குள்ள சம்பாத்தியத்துக்கு ஒரு வழி பண்ணிக்கலேன்னா ஊருக்கே திரும்பிப் போன்னு ஒலவக்கோட்டுக்கு டிக்கெட் எடுத்துடுவேன். நீயே உன் தம்பிகிட்ட சொல்லிடு” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் குரல் அடுத்த கட்டடம் வரைக்கும் கேட்கும்.

மாமா அசரவில்லை. அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து, மேளதாளத்தோடு ஊர்வலமாக அழைத்து வருவது எங்களவர் வழக்கம். ஜானவாசம் என்போம். மாதுங்காவில் கல்யாணத்துக்குப் பஞ்சமே கிடையாது. கூரை திறக்கிற கார்தான் குதிரைக்கொம்பு. யாராவது பெரிய மனிதரின் காரைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்குவதற்குள் பெண்ணைப் பெற்றவருக்குப் பாதி உயிர் போய்விடும். மாமாவின் காரிலோ கூரையைத் திறக்கவே வேண்டாம், அது ஏற்கெனவே கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. “ஸீஸனுக்குப் பத்து ஜானவாசம் கிடைச்சா போறும் அக்கா. அப்புறம் நான் ஒருத்தன் முன்னாடியும் கை கட்டி நிக்க வேண்டாம், கேட்டியா” என்றார்.

ஆனால் யானையை வாங்கியவரிடம் அங்குசத்துக்குக் காசில்லை. வெளியே பார்த்தால் ராஜா மாதிரி இருந்த கார், உள்ளே பரம தரித்திரம். ஸீட்டின் தோல் வெடித்து ஸ்பிரிங்குகள் எட்டிப் பார்த்தன. தரைப் பலகை உளுத்துப்போய் அதன் வழியே ரோடு தெரிந்தது. கதவுகளின் உட்பக்கம் வெறும் தகரம். கியர்க் கம்பியின் தலையில் இருக்க வேண்டிய குமிழைக் கூட அந்தத் துரை கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

நான் அப்போது பத்து வயதுப் பெண். கோடை விடுமுறை முழுவதும் நானும் மாமாவும் அந்த மாமரத்தடியில்தான் கிடந்தோம். சாக்குப் பைகளைப் பிரித்து, ஸ்பிரிங்குகளின் மேல் இழுத்துப் பிடித்து, கோணி ஊசியால் தைத்தோம். அதன் மேல் தேங்காய் நார், அதற்கும் மேல் இலவம்பஞ்சு. பஞ்சு அப்பாவின் தலையணையிலிருந்து வந்தது. தலையணை ஏன் இப்படிச் சப்பையாகிவிட்டது என்று அப்பா இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார். “பழசாயிடுத்தோன்னோ, அமுங்கிடுத்து” என்று அம்மா கூசாமல் சொன்னாள்.

கதவுகளுக்கு டீப்பெட்டிப் பலகையை அளவெடுத்து அறுத்தார் மாமா. மைதா மாவில் மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சினார். துத்தம் போடாவிட்டால் கரப்பான்பூச்சி ஒரே வாரத்தில் தின்றுவிடுமாம். தரைக்குப் பலகை அடித்துக் கோரைப்பாய் விரித்தார். கியர்க் கம்பியின் தலைக்கு எங்கள் வீட்டுப் பழைய ஊஞ்சலின் பித்தளைக் குமிழ் கச்சிதமாகப் பொருந்தியது. மாப்பிள்ளை நாலு பேர் கண்ணில் பட வேண்டுமே! அதற்காக, கூரை மடங்கி உட்காரும் பின்பக்கத்து இடத்தில் ஒரு பாக்கிங் பெட்டியை வைத்து ஆணி அறைந்து, உயரமாக ஓர் ஆசனம் செய்தார். அதில் முதன்முதலாக உட்கார்ந்து பார்த்த மாப்பிள்ளை நான்தான். மாமா வாயாலேயே நாகஸ்வரம் வாசித்துக்கொண்டு காரை மூன்று தடவை சுற்றி வந்தார்.

ஸீட்டுக்கு மேலே போடத் தோல் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும் என்று தாராவிக்குப் போனோம். அங்கே தோல் பதனிடுகிற திருநெல்வேலிக்காரர் ஒருவர் துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே, “கல்யாண மாப்ளைய தோலு மேல உக்கார வச்சா ஒங்க ஆளுக ஒத்துக்கிடுவாகளா சாமி? யோசிச்சுக்கிடுங்க” என்றார். மாமா சிரித்தார். ஆனால் அந்தத் தோல்காரர் சொன்னதுதான் நடந்தது. எங்கள் காரை முதன்முதலாகப் பேசி வைத்திருந்தவர் அடுத்த கட்டடத்துக்காரர்; அவர் பெண்ணுக்குத்தான் கல்யாணம். வந்து பார்த்தவர், ஒட்டுப்போட்ட மாட்டுத் தோலைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். “நல்லதா ஒரு துணியைப் போட்டு மூடிடுங்கோ” என்றார். மாப்பிள்ளை தோல் பூட்ஸ் மாட்டிக்கொண்டுதான் அதில் ஏறப்போகிறார் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

நல்ல துணிக்கு எங்கே போவது? அரிசிக்கு மட்டுமல்ல, துணிக்கும் ரேஷன் இருந்த காலம். அந்தத் தடவை எங்கள் கார்டுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ரகம்: கத்திரிப்பூ நிறத்தில், ஒவ்வொன்றும் அப்பளம் அளவுக்கு மஞ்சள் பூக்கள் போட்ட முரட்டுத் துணி. அதில் சட்டை தைத்துக்கொள்வதைவிட வெற்றுடம்பாகவே ஆபீஸ் போவேன் என்று அப்பா சொல்லிவிட்டதால் அது அப்படியே கிடந்தது. அம்மா கை மெஷினில் தைத்தாள். நான் துணியை நகர்த்திக் கொடுத்தேன். எனக்குச் சிறிதாகிப்போன பட்டுப் பாவாடையின் ஜரிகைக் கரையை வெட்டி ஸீட்டின் ஓரத்தில் வைக்கலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். எல்லாம் முடிந்து உறையை இழுத்து மாட்டினோம். சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிட அழகான ஒரு பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை.

மீந்த துணியில் எனக்கும் ஒரு பாவாடை வேண்டும் என்று அடம்பிடித்தேன். “வேண்டாம்டீ, பூசணிக்கொடி படர்ந்த மாதிரி இருக்கும்” என்றாள் அம்மா. நானா கேட்பேன்? காருக்குப் பொருத்தமாக நானும் ஜொலிக்க வேண்டாமா? அழுது காரியத்தைச் சாதித்தேன்.

ஜானவாசத்தன்று மத்தியானம் மாமா என்னைக் கூப்பிட்டு ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். “குட்டி, நானே என் கார் என் கார்னு சொல்லிண்டா நன்னாயிருக்காது. நீ மாப்பிள்ளை பக்கத்துல இருப்பே. யாரோட கார்னு நாலு பேர் கேப்பா. எங்க மாமாவோடதுன்னு கணீர்னு சொல்லணும். ஸீஸனே உன் வாயிலதான் இருக்கு.” சரி என்று பெரிய மனுஷி போலத் தலையாட்டினேன். பிரேக், கிளட்ச் மிதிகளில் வேட்டி சிக்குமே என்று மிலிட்டரி ஸ்டோர் காலத்துக் காக்கி பேன்ட்டை அவர் மாட்டிக்கொண்டார். பந்தியில் உட்காரும்போது கட்டிக்கொள்வதற்காகப் புது மல் வேட்டியை மடித்துக் காருக்குள் வைத்துக்கொண்டார்.

கோயில் வாசலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. இரண்டு பக்கமும் தலையில் காஸ் விளக்கு சுமந்தவர்கள், முன்னால் நாகஸ்வரம். மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாகப் பெட்டி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். ஆசனம் அசையவில்லை. மாமாவின் முதுகு தளர்வதை நான் பார்த்தேன். மாமாவுக்குப் பக்கத்து ஸீட்டில் குழந்தைகள் நாங்கள் ஐந்து பேர் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கியடித்து உட்கார்ந்தோம். சன்னல்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். “பேஷ், பேஷ், வண்டி ஜோரா இருக்கே” என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் மாப்பிள்ளையின் அக்கா பெண். பம்பாயை அடுத்த கல்யாண் என்ற ஊரின் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவள். என் வயதுதான். மயில்கழுத்துப் பட்டுப் பாவாடை, காதில் புது ஜிமிக்கி. அவள் என்னைப் பார்த்தாள், ஸீட்டைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

“ஐயே! இங்க பாருங்கோடீ! ஸீட்டுக்கும் இவளுக்கும் ஒரே துணி! ஏண்டி, உனக்குத் தெச்சு மீந்தது ஸீட்டா, ஸீட்டுக்குத் தெச்சு மீந்தது நீயா?”

மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். “மாமா, பாத்து எறங்குங்கோ, ஸீட்டுன்னு நெனச்சு இவமேல உக்காந்துடப் போறேள்” என்று இன்னொருத்தி மாப்பிள்ளையிடம் சொன்னாள். மாப்பிள்ளையே குனிந்து பார்த்துச் சிரித்தார். பாவாடையை எப்படி மறைப்பது? எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்த மஞ்சள் பூதான் இருந்தது. என் மானம் முழுவதும் கப்பலேறிப் போயிற்று. ஒரு மாதமாக உலகத்திலேயே அழகானதாக இருந்த துணி, சாக்கு, பஞ்சு, டீப்பெட்டிப் பலகை எல்லாம் ஒரே நிமிஷத்தில் குப்பைத்தொட்டிச் சாமானாகிவிட்டது. பசை நாற்றம் கூட அப்போதுதான் எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மாமா திரும்பி, “குட்டி, கையை வெளியில நீட்டாதே” என்றார்.

ஜிமிக்கிக்காரி விடவில்லை. “அந்த ஆள் உனக்கு யாரு? குட்டிங்கறானே?”

மாமா எனக்குச் சொல்லி வைத்திருந்த வேளை அதுதான். கணீரென்றுதான் சொன்னேன். “யாருமில்லே. டிரைவர். எங்க பில்டிங்ல கார் தொடைக்கறவன். எல்லாக் குழந்தைகளையும் அப்படித்தான் கூப்பிடுவான்.”

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த “கூப்பிடுவான்” என்னைப் பிடுங்கித் தின்கிறது. டிரைவர் என்றதையாவது குழந்தை ஏதோ பயத்தில் உளறிற்று என்று தள்ளிவிடலாம். அந்த ‘வான்’ எனக்கு எங்கிருந்து வந்தது? மாமாவுக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம் கூட இல்லை. அவர் திரும்பவில்லை. பித்தளைக் குமிழின் மேலிருந்த கையை மட்டும் எடுத்து, மறுபடி அதிலேயே வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அப்பா காரை ஒட்டி நடந்து வந்துகொண்டிருந்தார். நான் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து, “ஏம்ப்பா டிரைவர், வண்டி பிரமாதம். சொந்தக்காரர் யாரு? அடுத்த முகூர்த்தத்துல கல்யாண்ல என் தம்பி பிள்ளைக்குக் கல்யாணம். இதையே பேசிடலாம்னு பாக்கறேன்” என்றார்.

மாமா இப்போது “நான்தான் ஸார்” என்று சொல்லிவிடுவார். சொன்னால் இந்த நாலு பேர் முன்னாலும் நான் புளுகுணி ஆகிவிடுவேன். பிள்ளையாரே, சொல்லக்கூடாது, சொல்லக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

“சொந்தக்காரர் ஊர்ல இல்லே ஸார்” என்றார் மாமா.

“அப்படியா? நீ ரொம்ப அலுங்காம ஓட்டறே. உனக்கு என்ன தரார்?” என்று அவர் மேலும் ஏதோ கேட்டார். மாமா ஏதோ பதில் சொன்னார், அவர் அதை ஒரு சின்ன டைரியில் குறித்துக்கொண்டார். நாகஸ்வரக்காரர் உச்சத்துக்குப் போய்விட்டதால் அது எனக்குக் கேட்கவில்லை. நான் பிள்ளையாருக்கு நன்றி சொல்வதில் மும்முரமாக இருந்தேன்.

சத்திரத்துக்கு வந்து சேர்ந்ததும் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் மாமாவின் தோளைத் தட்டி, “டிரைவர், நீ பின்கட்டுல மேளக்காராளோட சாப்டுக்கோ” என்றார். மாமா, “சரி ஸார்” என்று சொல்லிவிட்டுப் போனார். மடித்து வைத்த வேட்டி காரிலேயே இருந்தது. பெண்ணின் அப்பா சம்பந்திகளைத் தாங்குகிற அவசரத்தில் இது எதையும் கவனிக்கவில்லை.

பந்தியில் அப்பாவுக்கு எதிர் வரிசையில் எனக்கு இலை. அப்பா தன் பக்கத்து இலைக்கு முன்னால் அங்கவஸ்திரத்தைப் போட்டு, அதில் யாரையும் உட்காரவிடாமல் பிடித்து வைத்திருந்தார். மறுபக்கத்து இலைக்காரரிடம், “கார் யாரோடதா? என் மச்சினனோடதுதான். உள் வேலை பூராவும் அவன் கையால பண்ணினது. சாமர்த்தியசாலிதான் பையன், நான்தான் அவசரப்பட்டுத் திட்டிட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஒருவரைப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பரிமாறிக்கொண்டு வந்த அம்மா என்னிடம் குனிந்து, “மாமா எங்கேடி?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். ரசம் வந்தது, பாயசம் வந்தது. அப்பா கதவையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டார். கடைசியில் அங்கவஸ்திரத்தை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “மரியாதை தெரியாத பயல்” என்றார்.

கை அலம்பப் பின்பக்கம் போனேன். தவில்காரருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜிமிக்கிக்காரி என் பின்னாலேயே வந்தாள். மாமா நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

“தண்ணித் தொட்டி அந்தண்டை இருக்கும்மா. வழுக்கும், பாத்துப் போங்கோ” என்றார்.

குட்டி என்று சொல்லவில்லை. வா போ என்றும் சொல்லவில்லை. பெரிய மனிதர் வீட்டுக் குழந்தையிடம் ஒரு டிரைவர் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசினார். அப்பாடா, மாமாவும் என்னோடு சேர்ந்து நாடகம் ஆடுகிறார் என்றுதான் நினைத்தேன். எவ்வளவு கெட்டிக்கார மாமா என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். இதை எழுதவே வெட்கமாயிருக்கிறது.

ஜூன் முதல் வாரமே மழை பிடித்துக்கொண்டது. கூரையில்லாத காரைப் பம்பாய் மழையில் யார் ஜானவாசத்துக்குக் கூப்பிடுவார்கள்? கோரைப்பாய் ஊறிப்போயிற்று, பஞ்சு அழுகிற்று. குர்லாவிலிருந்து ஒரு பழைய இரும்புக்காரன் வந்து காரை இழுத்துக்கொண்டு போனான். மாப்பிள்ளையின் அப்பாவிடமிருந்து மாமாவுக்கு ஒரு கடிதம் வந்தது. கல்யாணில் தமக்குத் தெரிந்த ஒரு மில் முதலாளிக்கு நல்ல டிரைவர் வேண்டுமாம், உடனே புறப்பட்டு வரவும் என்று எழுதியிருந்தார்.

அப்பா கூரை அதிரக் கத்தினார். “இன்டர் படிச்சவன் காக்கி மாட்டிண்டு கதவைத் திறந்துவிட்டு ஸலாம் போடப் போறானா? நாளைக்கு நான் எப்படி வெளியில தலை காட்டறது?” அம்மா அழுதுகொண்டே, “நீ டிரைவர்னு அவாகிட்ட யார்டா சொன்னா? எந்தப் பாவி சொன்னா?” என்று கேட்டாள். கதவுக்குப் பின்னால் நின்ற நான் சுவரோடு இன்னும் ஒடுங்கிக்கொண்டேன்.

“நான்தான் சொன்னேன் அக்கா” என்றார் மாமா. “காக்கி பேன்ட்டோட வேற என்னன்னு சொல்லிக்கறது?” அவர் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை.

ஜானவாசத்திலிருந்து அன்று வரை நான் தினமும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் பதினோரு தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தேன். பொய் சொன்ன வாய்க்குச் சோறு கிடைக்காது என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லியிருந்தாள். ராத்திரி படுத்தால் அந்தப் பயத்தில் தூக்கம் வராது.

மாமா டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். என் தலையில் கையை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அம்மா அழுதாள். கத்தித் தீர்த்த அப்பா கூடப் பால்கனியில் போய் நின்றுகொண்டார். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. “ஒரு மாசம் பூரா அவன் காலைச் சுத்திண்டு கிடந்தியே, என்ன கல்நெஞ்சுடி உனக்கு” என்றாள் அம்மா. கல்நெஞ்செல்லாம் ஒன்றுமில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மாமா இப்போது நிஜமாகவே டிரைவர். அப்படியென்றால் அன்றைக்கு நான் சொன்னது பொய்யே இல்லை. அன்று தோப்புக்கரணம் போடவில்லை. படுத்த உடனே தூங்கிப்போனேன்.